நஞ்சு தீண்டியபின் மருத்துவர் வரும்வரை

சுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சராக விளங்கிய அல்-காதி அல்-ஃபாளில், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோ நகரில் மருத்துவர் மூஸா இப்னு மைமூனிடம் ஒரு வேண்டுகோளை வைத்தார். நச்சுயிர் தீண்டிய ஒருவர், அதிலும் இரவில் தீண்டப்பட்டவர், மருத்துவரையும் மருந்தையும் அடைவதற்குள் இறந்துவிடக் கூடும். அந்த இடைப்பொழுதில் அவரும் அவரைச் சூழ்ந்திருப்போரும் செய்ய வேண்டியவற்றை எளிய நூலாக எழுதித் தர வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். யூத சமயத்தவரான இப்னு மைமூன் அரபு மொழியில் இயற்றிய, நஞ்சுகளும் அவற்றின் முறிவுகளும் பற்றிய சிறு நூல் இவ்வாறு பிறந்தது.

கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுதல், கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சித் துப்புதல் என்பன அந்நூல் கூறும் முதலுதவிகள். அக்கால மருத்துவ அறிவின் உச்சியில் நின்ற ஒருவரின் அறிவுரைகள் இவை. 800 ஆண்டுகள் கடந்த பின் இன்றைய மருத்துவம் இம்மூன்றையும் செய்யலாகாது என்று விலக்குகிறது. எனினும், அமைச்சர் எழுப்பிய வினா இன்றும் நம் முன் நிற்கிறது. நஞ்சினால் மாண்டோரில் பலர் மருந்து இல்லாமையால் மாண்டவரல்லர். நஞ்சு உட்புகுந்த நேரத்திற்கும் மருத்துவமனையை அடைந்த நேரத்திற்கும் இடையே, அன்புடையோர் அறியாமையால் செய்தவையும் செய்யத் தவறியவையுமே அவர்களைக் கொன்றன. ஆகவே, அன்றாட வாழ்வில் நாம் எதிர்கொள்ளும் நஞ்சுகளைப் பற்றியும் அவற்றுக்கான சிகிச்சை பற்றியும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நஞ்சு என்பது எது?

நஞ்சென்றும் மருந்தென்றும் பொருள்கள் பிறப்பிலேயே பிரிந்து நிற்பதில்லை. உணவு, மருந்து, நஞ்சு ஆகிய மூன்றையும் அவை உடலில் விளைவிக்கும் மாற்றத்தைக் கொண்டே இப்னு சீனா தம் ‘அல்-கானூன்’ பெருநூலில் வேறுபடுத்தினார். அளவே ஒரு பொருளை நஞ்சாக்குகிறது என்ற கருத்தை 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் அழுத்தமாக நிலைநாட்டினார். அமிர்தமும் அளவு மிஞ்சினால் நஞ்சாகும் என்னும் நம் பழமொழியும் இதையே சொல்கிறது.

இதற்குத் தெளிவான சான்று அட்ரோபின் என்னும் மருந்து. நம் வேலியோரங்களில் வளரும் ஊமத்தையின் விதையிலும் இலையிலும் உள்ள நச்சுப்பொருள்களின் இனத்தைச் சேர்ந்தது அது. ஊமத்தங்காயைத் தின்ற குழந்தையின் கண்மணி விரிகிறது, வாய் உலர்கிறது, உடல் கொதிக்கிறது, சித்தம் கலங்குகிறது. அதே இனத்தைச் சேர்ந்த அட்ரோபினே, பூச்சிக்கொல்லியால் நுரையீரலில் நீர் பெருகி மூச்சுத் திணறும் நோயாளிக்கு உயிர் மீட்கும் மருந்தாகிறது.

நஞ்சு உடலுக்குள் புகும் வழிகள் பல. வாய் வழியாகப் புகுவதே நம் நினைவுக்கு முதலில் வருகிறது. மூச்சு, தோல், கண், கடிவாய் ஆகியனவும் அதற்கு வாயில்களே. புகுந்த வழியை அறிந்தாலன்றி முதலுதவியைத் தீர்மானிக்க இயலாது.

எல்லா நஞ்சுக்கும் ஒரே முறிவு இல்லை

பண்டைய மருத்துவம் ‘திர்யாக்’ என்றொரு கூட்டு மருந்தைப் பெரிதும் நம்பியது. கிரேக்கரிடமிருந்து அரபியருக்கு வந்த அம்மருந்தில், விரியன் பாம்பின் தசை உட்படப் பத்துக்கணக்கான சரக்குகள் சேர்ந்திருந்தன. எவ்வகை நஞ்சையும் அது முறிக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. அந்நம்பிக்கை மருத்துவ நூல்களிலிருந்து மறைந்துவிட்டது. மக்கள் மனத்திலிருந்து மறையவில்லை. நஞ்சுண்டவருக்கு உப்புக் கரைசலும், புளிக் கரைசலும், சாணிக் கரைசலும், எண்ணெயும் புகட்டும் வழக்கம் இன்னும் தொடர்வது அதனால்தான்.

உண்மையில், தனக்கென்று முறிவு மருந்து உடைய நஞ்சுகள் மிகச் சிலவே. ஏனையவற்றுக்கு மருத்துவமனையில் அளிக்கப்படுவது தாங்குதல் சிகிச்சையாகும். மூச்சுவழியைத் திறந்து வைத்தல், பிராணவாயு அளித்தல், தேவையானால் செயற்கைச் சுவாசக் கருவியில் இணைத்தல், இரத்த அழுத்தத்தைக் காத்தல், வலிப்பை அடக்குதல் ஆகியன அதில் அடங்கும். உடல் தானே நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும்வரை உயிரைத் தாங்கிப் பிடித்திருப்பதே இச்சிகிச்சையின் சாரம்.

வயிற்றைக் கழுவுதல் ஒரு காலத்தில் அனைவருக்கும் செய்யப்பட்டது. இன்று அது சிலருக்கே, மூச்சுக்குழலுக்குத் தக்க பாதுகாப்புச் செய்த பின்னரே செய்யப்படுகிறது. செறிவூட்டிய கரித்தூள் சில நஞ்சுகளைத் தன்பால் ஈர்த்துக் கொள்ளும். அதுவும் தொடக்க நேரத்தில், தக்க நோயாளிக்கே பயன்படும். இலங்கையில் 4,600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வு, கரித்தூளை வழக்கமாக அனைவருக்கும் கொடுப்பதால் இறப்பு குறையவில்லை என்று காட்டியது. மருத்துவமனையிலேயே இத்துணை எச்சரிக்கை வேண்டுமெனில், வீட்டில் வலிந்து வாந்தி எடுக்க வைப்பது எத்துணை ஆபத்தானது என்பதை உய்த்துணரலாம். மயங்கியவரின் வாந்தி நுரையீரலுள் இறங்கும். உப்புக் கரைசல் குருதியின் உப்பை உயர்த்தித் தானே உயிரைப் பறிக்கக் கூடும்.

பூச்சிக்கொல்லிகள்

2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடயவியல் ஆய்வு கண்டறிந்தது. பூச்சிக்கொல்லியும் உணவுப்பொருளும் ஒரே கூரையின்கீழ் இருத்தல் எத்தகைய பேரழிவைத் தரும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இவ்வினத்தைச் சேர்ந்த கரிமப் பாஸ்பரஸ் சேர்மங்கள், நரம்பின் செய்தி முடிந்ததும் அதை அணைக்கும் நொதியைச் செயலிழக்கச் செய்கின்றன. அணையாத செய்தி உடலெங்கும் ஓடுகிறது. கண்ணீர், உமிழ்நீர், வியர்வை ஆகியன பெருகும், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கும், தசைகள் துடிக்கும், இறுதியில் மூச்சு நிற்கும். நுரையீரல் தெளியும்வரை அட்ரோபின் அளித்தலும், செயற்கைச் சுவாசமும் இதற்கான சிகிச்சையின் இரு தூண்கள்.

இந்நஞ்சு தோலின் வழியாகவும் ஊடுருவும். தெளிப்பானைச் சுமந்து, வெற்றுடம்புடன் வயலில் மருந்தடிக்கும் உழவர்க்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் வருமாயின், அது வெயிலின் களைப்பு என்று எண்ணி நிழலில் படுத்துவிடலாகாது. நனைந்த உடைகளை உடனே களைந்து, சோப்பும் நீரும் கொண்டு உடலைக் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உதவி செய்பவர் தம் கைகளில் உறையணிதல் நன்று.

பாம்புக்கடி

2000 முதல் 2019 வரையான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது; ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கே இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். இந்நான்கின் நஞ்சையும் முறிக்கும் ஒரே மருந்து, குதிரையின் குருதியிலிருந்து உருவாக்கப்படுகிறது. அதற்கு வேண்டிய நஞ்சைத் திரட்டித் தருவோரில் முதன்மையானவர்கள், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்திவரும் இருளர் மக்கள்.

விரியன்களின் நஞ்சு குருதி உறையும் தன்மையைக் கெடுக்கிறது. நோயாளியின் குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பதே இதைக் கண்டறியும் எளிய சோதனை. கண்ணாடிவிரியனின் நஞ்சு சிறுநீரகங்களையும் தாக்கும். நல்லபாம்பு, கட்டுவிரியன் ஆகியவற்றின் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சை நிறுத்தும். கட்டுவிரியனோ தரையில் உறங்குவோரை இரவில் தீண்டுவது; வலியும் வீக்கமும் இராமலே போகலாம். விடியலில் வயிற்று வலியும், தூக்கிப் பிடிக்க இயலாத இமைகளும் தோன்றினால், கடிவாய் காணாவிடினும் அதை ஐயுற வேண்டும்.

கட்டுப்போடுதல் குருதியோட்டத்தைத் தடுத்து உறுப்பை அழுகச் செய்யும். கீறுதல், உறையாத குருதியை வழியவிடும். உறிஞ்சுவதால் நஞ்சு வெளிவருவதில்லை. கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை முறிந்த எலும்பைப் போல் அசையாது வைத்து, மோதிரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி, முறிவு மருந்தும் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே செய்யத்தக்கது. பாம்பைத் தேடி அடிப்பதில் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை.

விஷக்கல் வைப்போரும் வேர் கொடுப்போரும் பலரைப் பிழைக்க வைத்தனர் என்று கூறப்படுவதுண்டு. தீண்டும் பாம்புகளுள் பல நஞ்சற்றவை. நஞ்சுடைய பாம்பும் ஒவ்வொரு கடியிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. அவர்களின் புகழுக்கு இவ்விரண்டு உண்மைகளே அடிப்படை. ஓதிப் பார்க்க விரும்புவோர் ஊர்தியில் செல்லும்போதே ஓதலாம். துஆவுக்கு வழிப்பயணம் தடையன்று. ஓதுவதற்காகப் பயணத்தைத் தாமதப்படுத்துவதே தவறு.

அமைதி காட்டி ஏமாற்றும் நஞ்சுகள்

உடனே துன்புறுத்தும் நஞ்சைக் கண்டு நாம் விரைகிறோம். சில மணி நேரமோ சில நாட்களோ அமைதியாக இருக்கும் நஞ்சே நம்மை ஏமாற்றுகிறது.

எலிக்கொல்லிப் பசைகள் சிலவற்றில் மஞ்சள் பாஸ்பரஸ் உண்டு. உட்கொண்டவருக்கு முதலில் குமட்டல் தோன்றி அடங்கும். பின்னர் நலமாகவே காணப்படுவார். வீட்டார் நிம்மதி அடையும் அந்நாட்களில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். இதற்கெனத் தனி முறிவு மருந்து இல்லை.

காய்ச்சலுக்கு நாம் இயல்பாக விழுங்கும் பாராசிட்டமாலும் அளவு மிஞ்சினால் இதே வகையில் கல்லீரலைத் தாக்கும். சளி, காய்ச்சல், உடல்வலி என்று வெவ்வேறு பெயரில் வாங்கும் மருந்துகள் பலவற்றிலும் பாராசிட்டமாலே இருத்தலால், அறியாமல் அளவு மிகுந்துவிடுவதுண்டு. நற்பேறாக இதற்கு என்-அசிட்டைல் சிஸ்டீன் என்னும் சிறந்த முறிவு மருந்து உள்ளது. 8 மணி நேரத்திற்குள் தொடங்கினால் கல்லீரல் பெரும்பாலும் முழுமையாகக் காக்கப்படுகிறது. வலி வரட்டும் என்று காத்திருந்தால் அந்த வாய்ப்பு கடந்துவிடும்.

கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனாலும் இத்தகையதே. உடலில் அது மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும் மூளையையும் அழிக்கிறது. குடித்த மறுநாளே பார்வை மங்கலும் மூச்சிரைப்பும் தோன்றலாம். அம்மாற்றத்தை நிகழ்த்தும் நொதியைத் தடுக்கும் ஃபோமெபிசோல், அது கிடைக்காதவிடத்து மருத்துவர் கண்காணிப்பில் எத்தனால், அவற்றோடு டயாலிசிஸ் என்னும் குருதிச் சுத்திகரிப்பு ஆகியன இதற்கான சிகிச்சை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இந்நஞ்சால் மாண்டனர். குடித்ததைச் சொல்ல நாணியும், காவல்துறைக்கு அஞ்சியும் வீட்டிலேயே கிடப்பவர் இத்தகைய நிகழ்வுகளில் காலத்தை இழக்கின்றனர்.

இல்லத்தின் உள்ளே

மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று எண்ணிக் குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டால், வயிற்றுக்குள் சென்றதைவிட நுரையீரலுக்குள் சென்ற சில துளிகளே பெருங்கேடு விளைவிக்கும். வாந்தி எடுக்க வைத்தல் அக்கேட்டை இருமடங்காக்கும். கழிப்பறை கழுவும் அமிலமும் அத்தகையதே. இறங்கும்போது சுட்ட உணவுக்குழலை, ஏறும்போது மீண்டும் சுடும். வாயை நீரால் கொப்பளிக்கச் செய்தல் போதும். கண்ணில் தெறித்திருந்தால், ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிய பின்னரே புறப்பட வேண்டும்.

காற்றோட்டமற்ற குளியலறையில் எரியும் எரிவாயு வெந்நீர்க் கருவியும், மலைநாட்டுக் குளிரில் மூடிய அறைக்குள் வைக்கும் கரியடுப்பும் கார்பன் மோனாக்சைடை உமிழ்கின்றன. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, குருதியின் சிவப்பணுக்களைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்கிறது. ஓர் அறையில் இருந்தோர் பலருக்கும் ஒருங்கே தலைவலியும் மயக்கமும் வருவது இதன் அறிகுறி. கதவைத் திறந்து வெளிக்காற்றுக்குக் கொண்டுவருதலே முதலுதவி. மருத்துவமனையில் அளிக்கப்படும் தூய பிராணவாயுவே இதன் முறிவு மருந்து.

நம் இல்லங்களில் குழந்தைகளின் கண்ணுக்கு இடப்படும் சுர்மாவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கடைகளில் விற்கப்படும் சுர்மாக்கள் பலவற்றில் ஈய சல்பைடே முதன்மைப் பொருளாக இருப்பது பல நாடுகளின் சோதனைகளில் கண்டறியப்பட்டுள்ளது. குழந்தை கண்ணைக் கசக்கி, அவ்விரலை வாயில் வைக்கிறது. ஈயம் ஒரே நாளில் கொல்வதில்லை. வளரும் மூளையின் அறிவுத்திறனைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறது. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் குருதியில் கவலைக்குரிய அளவு ஈயம் உள்ளதாக யுனிசெஃப் 2020இல் மதிப்பிட்டது. ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டெனினும், ஊற்றுக்கண்ணை அடைப்பதே உண்மையான சிகிச்சை. கண்ணுக்கு அழகூட்டும் மரபைப் போற்றுவோர், ஈயமற்றது என்று உறுதி செய்யப்பட்டதையே நாட வேண்டும்.

இடைப்பொழுதில் செய்யத்தக்கவை

மேற்கூறிய அனைத்தையும் சுருக்கினால், எல்லா நஞ்சுக்கும் பொருந்தும் சில விதிகள் கிடைக்கின்றன.

முதலாவது, உதவுபவர் தம்மைக் காத்துக்கொள்ளல். இரண்டாவது, நஞ்சிலிருந்து ஆளைப் பிரித்தல்: காற்றுக்குக் கொண்டுவருதல், உடையைக் களைதல், கழுவுதல். மூன்றாவது, மூச்சைக் கவனித்தல். மயங்கியவர் மூச்சுவிடுகிறார் எனில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தல் வேண்டும். மூச்சு நின்றிருப்பின் பயின்றவர் மார்பழுத்த உயிர்ப்பூட்டலைத் தொடங்க வேண்டும். நான்காவது, வாய்வழி எதையும் புகட்டாமை. ஐந்தாவது, புட்டி, மாத்திரை உறை, செடியின் பகுதி, எஞ்சிய உணவு ஆகியவற்றை உடன் கொண்டுசெல்லல். உட்கொண்ட நேரத்தைக் குறித்துச் சொல்லுதல் சிகிச்சையையே மாற்றவல்லது. ஆறாவது, அறிகுறி தோன்றும்வரை காத்திராமை. இந்தியாவில் 108, இலங்கையில் 1990 ஆகிய எண்களில் அவசர ஊர்தி கிடைக்கும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் கேட்டு அறியலாம்.

இவற்றுக்கெல்லாம் முற்பட்ட விதி, குடிநீர்ப் புட்டியிலும் உணவுக் கலத்திலும் நச்சுப்பொருளை ஒருபோதும் ஊற்றி வைக்காமை.

சட்டமும் இரக்கமும்

நஞ்சுண்டோரில் பலர் தவறுதலாக உண்டவர் அல்லர். ஒரு கணத்தின் தாளாத் துயரில் உண்டவர்கள். அக்கணம் கடந்தபின் அவர்களுள் பலர் வாழவே விரும்புகின்றனர். கைக்கெட்டும் தொலைவில் கொடிய நஞ்சு இல்லாதிருந்தால் அக்கணம் உயிரைப் பறிக்காமலே கடந்திருக்கும் என்பதற்கு இலங்கையே சான்று. 1995இல் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்தது. மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அவ்வரசு அவ்வாண்டு முதல் படிப்படியாகத் தடை செய்தது. 2008 முதல் 2011 வரை பாராகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியான் ஆகியவற்றையும் விலக்கியது. விகிதம் 70 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். எந்த முறிவு மருந்தும் சாதிக்காததை ஒரு சட்டம் சாதித்தது.

வழக்கு வரும் என்ற அச்சமும் பழிச்சொல்லும் மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்துகின்றன. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவ்வாறு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்திற்கு ஆளானவராகவே கருத வேண்டும் என்றும், தண்டிக்கலாகாது என்றும் கூறுகிறது. இலங்கை 1998இலேயே அதைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. காவல்துறை நடவடிக்கைக்குக் காத்திராமல் உடனே சிகிச்சை அளிப்பது மருத்துவரின் கடமை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. ஆகவே, மறைக்கவும் அஞ்சவும் காரணமில்லை. பிழைத்தெழுந்தவரிடம் வினாக்களைத் தொடுப்பதைவிட அருகில் அமர்ந்திருப்பதே நலம் பயக்கும். துயரில் இருப்போர் இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 ஆகிய எண்களில் எந்நேரமும் பேசலாம்.

கெய்ரோவின் அமைச்சர் கேட்ட நூலை இப்னு மைமூன் தம் காலத்து அறிவைக் கொண்டு எழுதினார். அவ்வறிவில் பிழை இருந்தது, பின்வந்தோர் திருத்தினர். இரவில், மருத்துவர் இல்லாத ஊரில், தீண்டப்பட்ட ஒருவரின் அருகில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற அவரது கவலை மட்டும் திருத்தம் வேண்டாதது. அக்கவலை நம்முடையதும் ஆகுமானால், இன்றிரவே நம் இல்லத்தின் அலமாரியைத் திறந்து, எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.